பெங்களூரிலிருந்து பாம்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ லிங்கராஜபுரத்திலோ நாலு தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று குடும்பமாவது ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தத்திலும் குளித்துவிட்டு வந்திருக்கும். ஆனால் பாலம் தாண்டியதும் தீவில் வருகிற முதல் ஊரான பாம்பனில் இறங்கியவர்கள் அரிது. பாலத்தின் மேலிருந்து தென்னந்தோப்பையும் படகுகளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயிலுக்கு எல்லோரும் பறந்துவிடுகிறோம். தீவின் மேற்கு நுனியில் இருக்கிற அந்த மீனவர் ஊருக்கென்றே ஒருமுறை போய்வாருங்கள் என்று இங்கே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

பாம்பனில் அப்படிப் பார்க்க என்னதான் இருக்கிறது?

டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் இடம் என்று கேட்டால், அதிகமில்லை. ஒரு கலங்கரை விளக்கம், தேவாலயங்கள், பள்ளிவாசல், கோயில்கள், ஒரு சின்ன ரயில் நிலையம், இரண்டு பக்கமும் கடல். பார்க்க வேண்டியது அங்கே நடக்கும் வேலை. படகுகள் வருவது, வலையிலிருந்து மீன் பிரிப்பது, ஏலம், ஐஸ் உடைப்பது, வலை பொத்துவது, படகின் அடிப்பலகைக்கு வண்ணம் பூசுவது. விடியலில் தொடங்கி இருட்டும்வரை கரையில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேயிருக்கும்.

வெயில் தாழ்ந்த பிறகு கரையோரம் உட்கார்ந்தால் நேர் எதிரே மேற்கில் பாலங்கள், அவற்றுக்குப் பின்னால் மண்டபத்துப் பக்கம் இறங்குகிற சூரியன். நான்கு மணிக்கு மேல் ஊரே மெதுவாகிவிடும். சில்க் போர்டு பாலத்தடியில் வாரம் முழுக்க நின்று பழகியவர்களுக்கு அந்த மெதுவே போதும், அதற்காகவே போகலாம் என்பது என் எண்ணம். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் பயணம் வேண்டுமென்றால் ராமேஸ்வரத்திலேயே தங்கிவிடுங்கள்.

ரயிலில் எப்படிப் போவது?

மதுரை வழியாகப் போவதுதான் சுலபம். பெங்களூரிலிருந்து மதுரைக்கு இரவு ரயில்கள் உண்டு. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் ரயில் மாதிரி. 2024 ஆகஸ்ட் முதல் கன்டோன்மென்டிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத்தும் ஓடுகிறது. ஆனால் அது மதியம் கிளம்பி இரவில்தான் மதுரை சேரும், அன்றிரவு அங்கே தங்க வேண்டிவரும். இரவு ரயிலில் காலையில் மதுரை இறங்கி, ராமேஸ்வரம் போகும் பயணிகள் ரயிலைப் பிடிப்பது நல்லது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று போய், கடலைத் தாண்டினால் பாம்பன்.

ஒன்றைக் கவனியுங்கள்: தீவுக்குள் போகும் எல்லா விரைவு ரயிலும் பாம்பனில் நிற்காது. பயணிகள் ரயில் நிற்கும். கால அட்டவணை மாறிக்கொண்டேயிருப்பதால் முன்பதிவுக்கு முன் பாம்பன் நிறுத்தம் இருக்கிறதா என்று ரயில்வே செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ராமேஸ்வரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்பி வரலாம், அரை மணி நேரம்தான்.

பஸ், கார்?

சாந்திநகரிலிருந்து தமிழ்நாடு அரசு விரைவுப் பேருந்துகளும், மடிவாளா, கலாசிபாளையம் பக்கத்திலிருந்து தனியார் பஸ்களும் மதுரைக்கு ஏராளம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி, "பாம்பன் ஸ்டாப்" என்று நடத்துநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நேரே ராமேஸ்வரம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

காரில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வரை நால்வழிச் சாலை. மதுரைக்கு அப்புறம் ராமநாதபுரம் தாண்டியதும் இருபுறமும் கருவேலமும் பனையுமாக நிலம் மாறிவிடும். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். அதிகாலை நாலு மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியவர்கள்கூட சாயங்காலம்தான் பாம்பன் சேர்கிறார்கள், வந்த களைப்பில் மறுநாள் காலை ஏலத்தைத் தூங்கியே தவறவிடுகிறார்கள். மதுரையில் ஓரிரவு தங்கிப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதத்தில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுவதும் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் மட்டும் போகும். மீன் குறைவு, விலை அதிகம். ஆனால் கரையில் அப்போதுதான் வேறொரு காட்சி: படகுகளையெல்லாம் மேலேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், தச்சர்களும் பெயின்டர்களும் நிறைந்திருப்பார்கள். வெயில் தாங்குமென்றால் அதுவும் பார்க்கத்தக்கதுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். "பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டிருப்போமே, அதே பாம்பன்தான். 1-ம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள். எண் கூடக்கூட ஆபத்து நெருங்குகிறது, 11 வரை உண்டு. கூண்டு ஏறிய செய்தியைக் கேட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். படகு ஒன்றும் போகாது, சாலைப் பாலத்தில் நிற்கக்கூட முடியாது.

இரண்டு பக்கமும் கடல் என்றால் இரண்டும் ஒரே கடல்தானே?

இல்லை. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல், ஆண்கடல் என்றும் கேட்பீர்கள். வடக்கே ஆழம் குறைந்த அமைதியான நீர், தெற்கே அலையும் ஆழமும்.

ஆனால் அந்த அமைதி நிரந்தரமானதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் அப்படியே தலைகீழ். வருடத்தில் எந்தப் பருவத்திலும் இரண்டில் ஒரு கடல் ஓரளவாவது இடம்கொடுக்கும். அதனால்தான் காற்றுக்கேற்பப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் தீவில் இருக்கிறது. நீங்கள் போகிற மாதத்தில் எந்தப் பக்கம் படகுகள் நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். ஊரின் குறுக்கே நடந்து ஒரே மாலையில் இரு கடலையும் பார்த்துவிடுங்கள். இங்கே தவறவிடக்கூடாத ஒன்று உண்டென்றால் அதுதான்.

சனி, ஞாயிறு போதுமா?

போதாது. வெள்ளி இரவு ரயிலேறினால் சனிக்கிழமை மதியம்தான் பாம்பன். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. பூசை, வீடு, ஓய்வு. திங்கள் காலை வேலைக்கு வர வேண்டுமென்றால் ஞாயிறு மாலையே கிளம்ப வேண்டும். ஆக, ஏலமே நடக்காத இரண்டு நாளைப் பார்த்துவிட்டு வருவீர்கள். புதன் இரவு கிளம்பி வியாழன், வெள்ளி தங்கி, சனிக்கிழமை திரும்புவது எனக்குப் பிடித்த கணக்கு.

தை, ஆடி அமாவாசை நாட்களையும் அவற்றின் முன்பின் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். பாலத்திலேயே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

மீன் ஏலத்தை வெளியூர்க்காரர்கள் பார்க்கலாமா?

தாராளமாக. யாரும் தடுக்க மாட்டார்கள், வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

படகு கரை தட்டியதும் கூடைகள் தலைமாற்றித் தலைமாற்றி இறங்கும். மணலில் ஒரு தார்ப்பாய், அதில் மீன் கொட்டப்படும். நகரை, விளமீன், பாறை, சூடை, முரல், காரல் என்று கை தானாக வகை பிரித்துக்கொண்டே போகும். பிரிப்பவரின் கண் மீன்மேல் இருக்காது, யார் வாங்க வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தின்மேல் இருக்கும். சீலாவும் பெரிய பாறையும் வந்துவிட்டால் வியாபாரிகள் முன்னால் நகர்வார்கள். நீலக்கால் நண்டு உயிரோடு வரும். கொடுக்கை ரப்பராலோ நூலாலோ ஒரே சுற்றில் கட்டிப்போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஏலம் விடுபவர் தொகையை அடுக்கிக்கொண்டே போவார். வாங்குபவர் வாய் திறக்கவே மாட்டார், ஒரு தலையசைப்பு, முடிந்தது. அலுமினியச் சட்டியோடு சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் அங்கேயே சில்லறைப் பங்கைப் பிரித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்கள் எடுத்துப்போகும் மீன்தான் அன்று மதியம் சுற்றுவட்டார வீடுகளில் குழம்பு.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஐஸுக்குள் கிடக்கும் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு, கடலிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மீனின் நிறமே புதிதாக இருக்கும். ஏலத்தில் நீங்கள் கேட்க வேண்டாம், அது மொத்த வியாபாரம். ஏலம் முடிந்த பிறகு அந்தப் பெண்களிடம் வாங்குங்கள். "அக்கா, இது என்ன மீனு, குழம்புக்கா வறுவலுக்கா?" என்று கேட்டால் சமையல் குறிப்பும் சேர்ந்து வரும்.

விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போவதில்லை. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறைவைத்துப் போவது பாக் நீரிணைப் பக்கத்து வழக்கம். நாளைக்கு யார் முறை, எத்தனை மணிக்குக் கரை திரும்புவார்கள் என்று முந்தின நாள் மாலை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பாலம் எது, புதிய பாலம் எது? குழப்பமாக இருக்கிறதே.

மூன்று பாலம் இருக்கிறது. வண்டிகள் போகும் சாலைப் பாலம் உயரமானது. 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார், பெயர் அன்னை இந்திரா காந்தி பாலம். அதற்குமுன் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான்.

கீழே இருக்கும் இரண்டும் ரயில் பாலங்கள். பழையது 1914 பிப்ரவரியில் திறந்தது, நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கதவாகப் பிளந்து மேலே எழும்பும். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் அமைந்த தூக்குமுறை. அதை மின்விசை ஏதுமில்லாமல் தொழிலாளர்கள் இரு பக்கமும் நின்று கையாலேயே சுற்றித் தூக்கினார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகி ரயில் நின்றுவிடும். 2022 டிசம்பருக்குப் பிறகு அதில் ரயில் ஓடவில்லை.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று திறக்கப்பட்டது. அதில் நடுத்துண்டு பிளக்காது. 72.5 மீட்டர் நீளமுள்ள முழுத்துண்டும் இருபுறக் கோபுரங்களுக்கு இடையே லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே போகும். இந்தியாவில் கடல்மேல் இப்படி அமைந்த முதல் பாலம் இதுதான்.

பாலம் தூக்குவதைப் பார்க்க முடியுமா?

அதற்கென்று தினசரி நேரம் கிடையாது. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் ஆழ்கடல் படகுகள், சிறு கப்பல்கள், இழுவைப் படகுகள் சேர்ந்து காத்திருந்து, துறைமுக அலுவலகமும் ரயில்வேயும் ஒத்துக்கொண்ட நேரத்தில்தான் தூக்குவார்கள். நீங்கள் போகும்போது தென்பக்கமோ வடபக்கமோ பெரிய படகுகள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றால் வாய்ப்பு உண்டு. ஊரில் விசாரியுங்கள். தூக்கியதும் கால்வாயின் நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் பாலத்தடியில் புகுந்து போவதைச் சாலைப் பாலத்து நடைபாதையிலிருந்து பார்ப்பது பெரிய காட்சி. காரை நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். ஊருக்குள் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள்.

1964 புயலில் பாம்பனும் அழிந்ததா?

முற்றாக அழிந்தது தீவின் மறு நுனியில் இருந்த தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 எண் பாசஞ்சர் ரயிலை ஊருக்குச் சற்று முன்பாகவே கடல் அடித்துக்கொண்டு போனது. பயணிகள், ஊழியர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குமுன் பாம்பன் ஒரு ஜங்ஷன்: ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னார் போய் கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம். சென்னையிலிருந்து வந்த போட் மெயில் அப்படித்தான் பெயர் பெற்றது.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் 145 இரும்புத் தூலங்களில் 126 கடலில் விழுந்தன. தூக்கும் நடுப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், பிற்பாடு டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், 46 நாளில் பாலத்தைச் சீராக்கி ரயிலை ஓட்டினார். விழுந்த தூலங்களைக் கடலடியிலிருந்து தேடி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். எங்கே கிடக்கின்றன என்று காட்டி உதவியவர்களில் மீனவர்களும் உண்டு என்பது ஊரில் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. வயதானவர்கள் யாரேனும் அந்த இரவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குறுக்கே கேள்வி போடாமல் கேளுங்கள்.

குந்துகால் என்கிறார்களே, அது எங்கே?

பாம்பனுக்குத் தெற்கே, ஆட்டோவில் கொஞ்ச நேரம். சிகாகோ சொற்பொழிவுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கொழும்பு வழியாக வந்து 1897 ஜனவரி 26-ல் இந்திய மண்ணில் கால்வைத்தது இங்கேதான். சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். இப்போது அங்கே நினைவு மண்டபமும் மீன் இறங்குதளமும் இருக்கின்றன.

எதிரே தெரிவது குருசடைத் தீவு. கடல் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். பவளப்பாறையும் கடற்புல்லும் அலையாத்தியும் ஒரே சின்னத் தீவைச் சுற்றி இருப்பதால் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வந்து படித்த இடம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம்வரை வரிசையாக உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, குருசடை அதில் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. துறை நடத்தும் படகு ஓடுகிறதா என்று அன்றைக்கு விசாரித்து அதில் போங்கள். "நான் கூட்டிப்போறேன் சார், யாருக்கும் தெரியாது" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடிபட்டால் படகும் பிழைப்பும் போவது அவருக்குத்தான்.

பாசி எடுக்கும் பெண்கள் பாம்பனில்தானா?

ஆமாம், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலும் சுற்றுவட்டாரக் கரையோர ஊர்களிலும். சேலைக்கு மேலே ஆண்களின் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, பாறையும் சிப்பியும் கிழிக்காமல் விரல்களில் துணிச் சுற்று, காலில் துடுப்பாகக் கட்டிக்கொண்ட தகட்டு வட்டம், இடுப்பில் பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பாசியைப் பறித்துவருவார்கள். அகர் அகர் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அது போகிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் கடற்பாசி இனிப்புக்குப் பின்னால் இப்படியொரு வேலை இருக்கிறது.

பாசி இருக்கும் தீவோரப் பகுதிகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் போய்விட்டதால், அம்மா, பாட்டி காலத்திலிருந்து செய்துவந்த தொழிலுக்கு வனத்துறைக் கெடுபிடி. அதனால் மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பது, இத்தனை மாதம் விட்டுவைப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. சிலர் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறார்கள். கரையோரம் நீரில் சதுரம் சதுரமாக மிதப்பது அதுதான். இவர்களுடைய உழைப்பைப் பற்றி வெளியே பேசுவோர் குறைவு என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். வேலை நடுவே படம் எடுக்கக் கேட்காதீர்கள். கரையேறி, பாசி உலர்த்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவர்களே நிறையச் சொல்வார்கள்.

எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

பாம்பனில் தங்குமிடங்கள் குறைவு, எளிமையானவை. போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். குழந்தைகள், முதியவர்களோடு போகிறவர்கள் ராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொண்டு விடியற்காலை ஆட்டோவில் பாம்பன் வருவது வசதி. வழியில் தங்கச்சிமடம், மதுரை மல்லி என்று நாம் வாங்கும் பூவின் செடிக்கு நாற்று போகும் ஊர் அது. அதற்கு முன்பே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், 2017-ல் திறந்தது.

சாப்பாட்டுக்குப் பாம்பன் சாலையோர மெஸ்களே போதும். மீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், நண்டு. எது இன்று வந்தது என்று கேட்டு அதை மட்டும் சாப்பிடுங்கள். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவம்தான்.

கடலில் குளிக்கலாமா? கடல் உள்வாங்குகிறது என்று செய்தி வருகிறதே?

பாலத்தை ஒட்டிய கால்வாயில் கால்கூட நனைக்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் நீரோட்டம் இழுக்கும். குளிக்க வேண்டுமென்றால் மண்டபத்துக்கு முன்னால் கரைநிலத்தில் இருக்கும் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். ஆழம் குறைவு, அலை குறைவு. சொறி எனப்படும் ஜெல்லி மீன் மிதக்கிறதா என்று மட்டும் பார்த்து இறங்குங்கள், பட்டால் எரியும்.

கடல் உள்வாங்குவது சுனாமிக்குப் பிறகு எல்லோரையும் பயமுறுத்தும் செய்தி. பாம்பனில் ஏற்ற வற்றத்தாலும் காற்று நீரைத் தள்ளுவதாலும் கரையோரம் வற்றுவதும், படகுகள் தரைதட்டி நிற்பதும், சில மணி நேரத்தில் நீர் திரும்புவதும் வழக்கமாக நடப்பவை. நிலநடுக்க எச்சரிக்கை எதுவும் இல்லாதபோது ஊர்க்காரர்கள் அதைக் கண்டு பதறுவதில்லை. வற்றிய தரையில் நடந்துபோய்ப் பவளத்தை மிதிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் விஷயத்தை அங்கே கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அரட்டைப் பேச்சாகக் கேட்காதீர்கள். அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் இன்னும் ஆள் திரும்பாமல் இருக்கக்கூடும். படகு பறிபோனால் கடன் வாங்கிக் கட்டிய பல வருட முதல் போகிறது. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கை வசமானது, 1976-ல் கடல் எல்லை மேலும் வரையறுக்கப்பட்டது. எல்லைக்கோடு கரைக்கு மிக அருகே, மீன் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. எதிர்க்கரையிலும் தமிழ் மீனவர்கள்தான், போருக்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பியவர்கள். இங்கிருந்து போகும் விசைப்படகுகளின் இழுவைமடியால், அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலையால், தங்கள் வலையும் மீனும் அழிவதாக அவர்களும் சொல்கிறார்கள். பாம்பனின் நாட்டுப்படகுக்காரர்களிடமே இழுவைமடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெங்களூரில் உட்கார்ந்து நாம் போடும் இரண்டு வரித் தீர்ப்பு அங்கே நிற்காது.

படம், வீடியோ, டிரோன்?

ஆளைப் படமெடுக்குமுன் கேளுங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம். எல்லைக் கடல், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. மணமகன் மணமகள் படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்கும் இதுவே பதில்.

சங்கு, பவளம் வாங்கிவரலாமா?

பவளத்தைத் தொடாதீர்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் எடுப்பது குற்றம். கடல் அட்டை, கடற்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சில சிப்பி, சங்கு வகைகளும் அப்படியே. ரயில் நிலையத்தில் பையைத் திறந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பனைவெல்லமும் பனையோலைப் பெட்டியும் வாங்குங்கள், ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உரியவை.

தனுஷ்கோடியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரு காலைப் பொழுது ஒதுக்கினால் போதும். 2017-ல் அரிச்சல்முனைவரை சாலை வந்த பிறகு கூட்டம் அதிகம், விடிந்ததும் போய்விடுங்கள். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்காலமென்றால் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதியை 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே மணலில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும், கடலுக்கு எட்டும் தூரத்தில். அங்குள்ள மீனவக் குடும்பங்கள் சிரட்டையால் அதை அள்ளிக் குடத்தில் நிரப்புவதைப் பார்க்கலாம்.

பெங்களூருக்கு மீன் கொண்டுவர முடியுமா?

முடியும். கிளம்பும் நாளின் ஏலத்தில் வந்த மீனை வாங்கி, குடலும் செவுளும் நீக்கி, தலையோடு முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். துண்டு போட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் கரையிலேயே கிடைக்கும். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மதுரையில் ரயில் மாறும்போது நீரை வடித்து ஐஸ் மாற்றினால் மறுநாள் காலை வரை தாங்கும். சீலா, பாறை, விளமீன் தாங்கும். சூடையும் காரலும் தாங்காது, அவற்றை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். கருவாடு வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, காற்றுப் போகாத டப்பாவில் அடைத்தால்தான் ஏசி பெட்டியில் வைக்க முடியும்.